ஒபதியா வாசித்த அக்கா

அக்கா இறந்த முப்பத்தோராம் நாள் ஆராதனைக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். அவர் அக்காவைக் கண்டதே இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, தீங்கு செய்த தம்பிக்கு மூன்று நாள் சோறு போட்டு அவனை மன்னித்த தாய் என்று பேசினார். சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எழுந்து நின்று இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

ஆனால் அது மன்னிப்பு அல்ல. அந்த மூன்று நாளும் நான் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தவள். அதற்குப் பிறகு சாகும்வரை அக்கா தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரைச் சர்க்கரைப் பொம்மையாக்கி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கெலிஓயாவில் அவருக்குப் பார்சல் அக்கா என்று பெயர். விடியற்காலையில் அடுப்பு மூட்டி, பத்து மணிக்குள் எழுபது சோற்றுப் பார்சல் கட்டி, கம்பளை வீதிக் கடைகளுக்குக் கொடுப்பார். நான் பக்கத்து வீடு. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஆட்களோடு பேசக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னை, "வாயால செய்யிற வேலை இல்ல புள்ள, கையால செய்யிற வேலை, வா" என்று கூட்டிப்போனார். பன்னிரண்டு வருடம் அந்த மேசையில் அவருக்கு எதிரே நின்று பார்சல் கட்டினேன்.

குள்ளமானவர். மோதிரம் வளையல் ஒன்றும் போடமாட்டார், சோற்றில் விழுந்துவிடும் என்பார். அவர் சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் தாழும். இன்னும் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். அதற்கும் மேலே போனால் சாப்பாட்டைக் கையில் எடுப்பார்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், அக்காவின் பார்சலில் கரப்பான் பூச்சி கிடந்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவருடைய மைத்துனர் புதிதாகப் பார்சல் போடத் தொடங்கியிருந்தார், அதுதான் காரணம். அக்கா சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு, கடை நிறைய ஆள் இருக்கிற நேரம் பார்த்து, ஒரு பார்சலோடு போய் நடு மேசையில் உட்கார்ந்தார். பிரித்தார். கறிகளை ஒவ்வொன்றாக விரலால் விலக்கி எல்லோருக்கும் காட்டினார். பிறகு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "நல்லா இருந்துச்சு முதலாளி" என்று சொல்லி வந்தார். இப்படி ஏழு நாள். எட்டாம் நாள் அந்த மனிதர் வாசலிலேயே மறித்துக் கும்பிட்டார்.

எங்களிடம் பார்சல் எடுக்கிற பக்கத்துக் கடை முஸ்லிம் நானா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஏசினா திருப்பி ஏசலாம் புள்ள. இவங்க முன்னுக்கு ஒக்காந்து சோறு தின்னுறாங்களே, அதுக்கு என்னத்தச் செல்லுற? ஒங்கட அக்காவோட மட்டும் எனக்குக் கோவம் வேணாம்!"

"அந்த ஆளை மன்னிச்சிட்டீங்களா அக்கா?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"வேலை கெடக்கு, கட்டு" என்றார். அடுத்த பார்சலைக் கட்டி முடித்து, "மறந்துட்டுப் போறதுக்கு நான் என்ன கோழியா?" என்றார்.

எங்கள் சபையில் புதன்கிழமை மாலை பெண்கள் கூடி வேதம் வாசிப்போம். வட்டமாக உட்கார்ந்து, முறை வரும்போது ஒவ்வொருத்தியும் ஒரு பகுதியை வாசித்து, அது இன்றைக்குத் தனக்கு என்ன சொல்கிறது என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். என் முறை வந்தால் ஒரு சின்னச் சங்கீதத்தை முணுமுணுத்துவிட்டு, "கர்த்தர் நல்லவர்" என்று முடித்துக்கொள்வேன். அக்காவின் முறை வந்தால் ஒபதியா.

ஒபதியாவைத் தெரியாத கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஆமோசுக்கும் யோனாவுக்கும் நடுவில் ஒரே ஒரு அதிகாரம். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் அந்தத் தீர்க்கதரிசி முழுவதும் தவறிப்போவார். அவர் சொல்வது இதுதான். ஏசாவும் யாக்கோபும் கூடப்பிறந்தவர்கள். யாக்கோபின் வம்சம் எருசலேமில் இருந்தது. ஏசாவின் வம்சமான ஏதோமியர் உயரத்தில், கன்மலை வெடிப்புகளில் வீடு கட்டிக்கொண்டு, எங்களை யார் கீழே இறக்க முடியும் என்று இருந்தார்கள். அந்நியர் வந்து எருசலேமைச் சூறையாடின நாளில் அவர்கள் உதவிக்கு வரவில்லை. ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு உள்ளே வந்து அகப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள். தப்பி ஓடினவர்களைச் சந்தியில் மறித்தார்கள். நீ செய்தது உன் தலைமேலேயே திரும்பும் என்று கர்த்தர் அவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கு அது மனப்பாடம். புத்தகம் மடியில் விரிந்திருக்கும், கண் எங்கள் முகத்தில் இருக்கும்.

அப்போது எங்களுக்கு இருந்த போதகர் யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. ஒருநாள் அவர் பொறுக்காமல் கேட்டார். "அக்கா, ஒவ்வொரு புதனும் ஒபதியாதானே வாசிக்கிறியள். புதிய ஏற்பாட்டிலையும் கொஞ்சம் வாசிக்கலாமெல்லோ?"

"வாசிக்கலாங்கய்யா. ஆனா அதுல என் தம்பி இல்லையே."

"ஒபதியாவிலை இருக்கிறாரோ?"

"ஒவ்வொரு வசனத்துலயும் இருக்கான்."

போதகர் அடுத்தவளை வாசிக்கச் சொன்னார்.

அந்தத் தம்பியின் கதையை அக்கா ஒரே மூச்சில் சொன்னதில்லை. கத்தரிக்காய் வெட்டும்போது கொஞ்சம், பருப்புக் கழுவும்போது கொஞ்சம். ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு சரிவு. மேலே பெரிய பாறை, பாறையை ஒட்டித் தம்பியின் வீடு. கீழே அக்காவும் கணவரும். அடைமழை பெய்த ஒரு நாள் அக்கா டவுனுக்கு மருந்து எடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண். கணவர் அதற்குள்.

"ஒரு நிமிசத்துல முடிஞ்சிருச்சுக்கா, நான் கதவத் தொறந்து பாக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று தம்பி அழுதாராம். அதை அக்கா நம்பினார். தோண்டி எடுத்தவர்கள் பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்கள். தம்பி இறங்கி வரவில்லை. கால் நடுங்குகிறது என்று பாறைமேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அதையும் அக்கா பொறுத்துக்கொண்டார். அடக்கம் முடிந்து பத்து நாள் போனபின் பார்த்தால், அக்கா வீட்டு நீலத் தகரங்கள் தம்பியின் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகியிருந்தன. அந்தத் தகரங்களுக்கு நீலம் அடித்தவர் அக்காவின் கணவர்.

"நின்னு பாத்ததகூட விட்டிருப்பேன் புள்ள" என்று அக்கா சொல்வார். "தகரத்த எடுக்கிறதுக்கு மட்டும் எப்பிடிக் கால் நடுங்காம எறங்கி வந்தான்?"

அன்றைக்கே தோட்டத்தை விட்டு வந்தவர்தான்.

மழைக்காலத்தில் காலைச் செய்தியோடு வானொலியில் மண்சரிவு எச்சரிக்கை வாசிப்பார்கள். நாங்கள் எங்கள் ஊர்ப் பெயர் வந்துவிடுமோ என்று பயந்து கேட்போம். அக்கா அகப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்று, அந்தத் தோட்டத்தின் பெயருக்காகக் கேட்பார். வராவிட்டால், "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கிண்டுவார்.

அதைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வருடம் போகப் போக நானும் அந்தப் பெயருக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். புதன்கிழமைப் பெண்கள் எல்லோருமே காத்திருந்தோம். எங்களில் வாய் அடங்காதவள் கிளாரா. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால், "அக்கா, பாறை எப்பிடியாம், சொகமா இருக்காமா?" என்று கேட்பாள். கர்த்தர் அக்காவுக்கு நியாயம் செய்வார் என்று சொல்லிக்கொண்டோம். ஒரு மலை இடிந்து ஒரு மனிதர் சாவதற்குத்தான் நாங்கள் நியாயம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அக்கா தோட்டத்தை விட்டு வந்த பதினாறாவது வருடம் அந்தப் பெயர் வந்தது. பாறைக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தது, ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா வானொலியை நிறுத்தினார். "வந்திருச்சு" என்றார். அன்றைக்கு எழுபது பார்சலில் ஒன்றுகூடக் கோணவில்லை.

அங்கே பள்ளிக்கூடங்கள் நிறைந்துவிட்டதால், ஒரு லொறி ஆட்களை எங்கள் சபை மண்டபத்தில் வைத்துக்கொள்ளப் போதகர் சம்மதித்திருந்தார். சமைக்க அக்காவைத்தான் கூப்பிட்டார். எந்தத் தோட்டத்து ஆட்கள் என்று அவர் கேட்டு வைக்கவில்லை.

பகல் லொறி வந்து நின்றது. நாற்பது பேர், தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக ஒருவர் இறங்க முடியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் அதே மூக்கு, அதே குள்ளம். கையில் ஒரு பொலித்தீன் பை.

கிளாரா குசினி ஜன்னலிலிருந்து திரும்பி, "அக்கா, ஒங்க ஏதோம் வந்துட்டாரு, லொறியில!" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கடி" என்றார், தாழ்ந்த குரலில். "ஒபதியாவுல இதுவும் இருக்கு. கூடப் பொறந்தவனோட கெட்ட நாளப் பாத்து சிரிச்சதுக்கும் சேத்துதான் ஏதோமுக்குத் தண்டனை."

இத்தனை வருடம் காதால் கேட்டும் எங்களில் ஒருத்திக்கும் அது உறைத்ததில்லை. ஒபதியாவை வாசிக்கிற எல்லோரும் யாக்கோபின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் வாசிக்கிறோம். அடிபட்டவர் நாம், அடிப்பவர் கர்த்தர், அடிபடப் போகிறவர் எதிரே இருக்கிறவர். ஆனால் தீர்க்கதரிசி கன்மலைமேல் இருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். அன்றைக்கு ஒழுகாத கூரையும் எரிகிற அடுப்பும் எங்களிடம் இருந்தன. உயரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். எனக்கு வேதபாடம் நடத்தத் தகுதியில்லை. இந்த ஒன்று மட்டும் அந்த ஜன்னலில் எனக்கு விளங்கியது.

இதோடு நிறுத்தினால் பிரசங்கியாருக்குச் சரியாக இருக்கும். ஆனால் அக்கா அகப்பையைக் கழுவிக்கொண்டே மேலும் சொன்னார்.

"அவன் நின்னு பாத்தான், நான் நிக்க மாட்டேன். அவன் எடுத்தான், நான் குடுப்பேன். அவன் செஞ்சதுல ஒண்ணக்கூட நான் செய்யப் போறதில்ல. அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு என்னைப் பாக்கிறான்னு பாக்கிறேன். அவன் வாயால சொல்லணும். தகரத்த எடுத்தேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். அது வரைக்கும் விட மாட்டேன்."

முதல் நாள், சாரல் அடிக்காத மூலையில் தம்பிக்குப் பாய் போட வைத்தார். கடைக்குப் போய் அவருக்கு உடுத்த ஒரு சாரம் வாங்கி வந்தார். நீலச் சாரம். கடையில் வேறு நிறம் இல்லாமல் இல்லை. சாப்பாடு அவருக்குத்தான் முதலில், மீனில் பெரிய துண்டும் அவருக்குத்தான். முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசமாட்டார்.

இரண்டாம் நாள் தம்பியால் பாதிகூட விழுங்க முடியவில்லை. "அக்கா, ஏசுக்கா. ரெண்டு அடிகூட அடி. இப்பிடிப் பாக்காத."

"சோறு ஆறுது."

"தெரியாமத்தான்க்கா..."

"என்ன தெரியாம?"

தம்பி குனிந்துகொண்டார். அக்கா இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.

அன்று மாலை ஜெபத்தில் போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. "கிறிஸ்துவின்ரை அன்பை நாங்கள் எங்கடை அக்காவிலை பாக்கிறம்" என்றார். அக்கா குசினிக்குள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஐயாவுக்கு வெளங்கல புள்ள. நான் அவன அடிச்சிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு விளங்கியிருந்தது. ஒவ்வொரு வேளையும் அந்த மனிதர் குறுகிக் குறுகிப் போவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். எனக்கு இனித்தது.

மூன்றாம் நாள் பகல். தம்பி சாப்பாட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒரு நிமிசத்துல முடியல."

அக்கா கதிரையில் இருந்தபடியே, "என்னது?" என்றார்.

"மச்சான் ஒரு நிமிசத்துல போகல. மண்ணுக்குள்ள இருந்து கூப்பிட்டாரு. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. மாட்டுக் கயிறு என் கையில இருந்துச்சு. பாறையும் வந்துருமோன்னு பயந்துகிட்டு நான் எறங்கல."

யாரோ ஒருவர் கையிலிருந்த சோற்றுப் பீங்கானைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எவ்வளவு நேரம்?" என்றார் அக்கா.

தம்பி அழத் தொடங்கினார்.

"எவ்வளவு நேரம்டா கூப்பிட்டாரு?"

"மழை விட்டு... திரும்பப் புடிக்கிற வரைக்கும்."

அக்கா கேட்க விரும்பியது தகரத்தைப் பற்றி. பதினாறு வருடம் அதற்குத்தான் காத்திருந்தார். கணவர் வலி தெரியாமல் போனார் என்ற ஒரு ஆறுதலை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனுஷி. அடித்து அடித்து அதையும் அவரே உடைத்து வெளியே எடுத்துவிட்டார்.

எழுந்து குசினிக்குள் வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். போதகர் பின்னால் வந்து, "அக்கா, ஜெபிப்பமோ?" என்றார்.

"இப்ப வேணாங்கய்யா."

கிளாரா அழுதுகொண்டே சத்தம் போட்டாள். "வெளிய தள்ளுங்க அந்த ஆள! மழையில போகட்டும், பாறைக்கே போகட்டும்! இனி எவ அந்த ஆளுக்குச் சோறு போடுவா?" யாரும் அவளை அடக்கவில்லை. அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.  அக்கா மாலை வரை தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்களே பருப்பை வேகவைத்து, சம்பல் இடித்தோம்.

ஐந்தரை மணிக்கு எழுந்து கை கழுவினார். எப்போதும்போல் ஒவ்வொரு பீங்கானாக அவரே போட்டார். நாற்பதும் ஒரே அளவு. நாங்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைசியில் மேசையில் ஒன்று மிஞ்சியது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். கிளாரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா அதைத் தூக்கிக்கொண்டு கதவு வரை போனார். பருப்பு விளிம்பில் வழிந்தது. திரும்பி வந்து மேசையில் வைத்தார். மறுபடி தூக்கினார். மறுபடி வைத்தார்.

"என்னால ஏலாது புள்ள" என்றார் என்னைப் பார்த்து. "நீ கொண்டு போ." நான் எடுக்கத் தயங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆனா குடுக்காம விட்டுறாத."

எடுத்துக்கொண்டு போனேன். குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு கான் உண்டு, மழைத் தண்ணீர் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதில் கவிழ்த்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் கை அதற்குத்தான் துடித்தது. தாண்டிப் போனேன்.

மண்டபத்தில் தம்பியைச் சுற்றியிருந்தவர்கள் பாய்களை இழுத்துத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த மூலையில் அவர் தனியாக இருந்தார். என் கால்களைப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமல், "அக்காவா?" என்றார்.

"அக்கா இல்ல" என்றேன். "சாப்பிடுங்க."

அவர் கையை நீட்டவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நீட்டும்வரை நான் பீங்கானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.